தாமதமாகச் சாகும் இறால்

பயணப் பெட்டி செய்யும் தொழிற்சாலையில் அவருக்குப் பெட்டிகளை உடைக்கும் வேலை. புதுப் பெட்டிக்குள் மணல் மூட்டையைத் திணித்து, இயந்திரக் கையில் மாட்டி, ஆள் உயரத்திலிருந்து இரும்புத் தளத்தில் போடுவார். மூலை அடிபடும்படி ஒருமுறை, கைப்பிடி அடிபடும்படி ஒருமுறை, சக்கரம் போனால் போகட்டும் என்று ஒருமுறை. அதற்குப் பிறகும் பெட்டி பெட்டியாகவே இருந்தால் கடைக்குப் போகும். கூட வேலை செய்பவர்கள் அவருக்குச் 'சேதாரம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பொருளைக் கீழே போட்டுச் சம்பளம் வாங்குகிறவர் வேறென்ன பெயரை எதிர்பார்க்க முடியும்?

வீட்டில் அவர் எதையும் கீழே போட்டதில்லை. கண்ணாடித் தம்ளரை இரண்டு கையாலும் பிடிப்பார். கதவைச் சாத்தினால் சத்தம் கேட்காது. அப்படிப்பட்டவர் ஜன்னலோரம் ஒரு கடல்நீர் மீன்தொட்டி வைத்த நாளிலிருந்து அந்தப் பெயர் வீட்டுக்குள்ளும் நுழைந்துவிட்டது.

தொட்டியில் தண்ணீர் வற்றும்போதெல்லாம் உப்புத் தண்ணீரையே கலந்து ஊற்றி நிரப்பினார். வற்றுவது தண்ணீர்தான், உப்பு அங்கேயே தங்கிவிடும் என்பது அவருக்குத் தெரியவில்லை. மீன்களுக்குத் தெரிந்திருந்தது. ஒவ்வொன்றாகப் போய்ச் சேர்ந்தன. அதைச் சரிசெய்த பிறகு வாங்கியவை அளவுக்கு மீறித் தின்று போயின. வெளியூரில் வேலை பார்க்கும் மகள் தொலைபேசியில் நலம் விசாரிப்பதை நிறுத்திவிட்டு, “இந்த வாரம் யாருப்பா?” என்று கேட்கத் தொடங்கினாள். கடைசியில் மிஞ்சியது ஒரு மஞ்சள் மீன். அது எதற்கும் அசராது. ஆனால் உடம்பைக் கல்லில் தேய்த்துக்கொண்டே இருந்தது.

மனைவி வீட்டிலேயே துணி தைப்பவர். துணி ஓரம் அடிக்க ஓவர்லாக் மெஷின் ஒன்று வாங்க வேண்டும், அதை வைக்க வெளிச்சமுள்ள இடம் அந்த ஜன்னலோரம் ஒன்றுதான்.

“இன்னும் ஒண்ணு செத்துச்சுன்னா தொட்டியைத் தூக்கிடணும். இப்பவே சொல்லிட்டேன்.”

“மீன் வேணாம். இறால் வாங்கறேன். மஞ்சள் மீனுக்கும் உடம்பைச் சுத்தம் பண்ணி விடுமாம்.”

“எதை வேணா வாங்குங்க. செத்தா தொட்டி வெளியில.”

அவர் ஒப்புக்கொண்டார். இறால் விற்கும் கடைக்குப் போனபோது, உயிர் வாங்கப் போகிறவரைப் போலவே இல்லை. கெட்டியான பெட்டி தேடுகிறவரின் முகம் அது.

“எது சாகாதுன்னு சொல்லுங்க” என்றார் கடைக்காரரிடம்.

கடைக்காரர் முழங்கை வரை நனைந்த கையைத் துண்டில் துடைத்தார். “சாகாததா? பிளாஸ்டிக் செடி இருக்கு, எடுக்கட்டுமா?”

“விளையாடாதீங்க. இது எனக்குக் கடைசி சான்ஸ்.”

“அப்ப எது லேட்டா சாகும்னு கேளுங்க.”

முதல் தொட்டியில் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட இறால் ஒன்று நீளமான கொடுக்குகளை விரித்துக்கொண்டு நின்றது. “இது நல்லா தாக்குப்பிடிக்கும். கூட இருக்கறவங்கதான் தாக்குப்பிடிக்க மாட்டாங்க.”

“வேணாம். வீட்ல ஏற்கெனவே ஆள் இருக்கு.”

அடுத்தது நகமளவே இருந்தது, வாலைத் தூக்கி ஆடிக்கொண்டிருந்தது. அதைப் பூஞ்சை உடம்பு என்று கடைக்காரரே தள்ளிவிட்டார். மூன்றாவது ரத்தச் சிவப்பு. “கெட்டி உடம்பு. ஆனா பகல்ல கல்லுக்குள்ள போயிடும். இருக்கா போயிடுச்சான்னே தெரியாது.” இருக்கிறதா என்றே தெரியாத ஒன்றை மனைவியிடம் உயிரோடு இருப்பதாக எப்படி நிரூபிப்பது? அதுவும் வேண்டாம்.

நான்காவது, சிவந்த முதுகில் வெள்ளைக் கோடு ஓடிய துப்புரவு இறால். கடைக்காரர் கையை விட்டதும் நேராக வந்து விரலில் ஏறி நகக்கண்ணைச் சுரண்டியது.

“எவ்வளவு உயரத்திலேர்ந்து விழுந்தா தாங்கும்?” பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டார்.

“சார், அது தண்ணிக்குள்ள இருக்கும்.”

இருந்தாலும் சோதனை இல்லாமல் எடுக்க அவருக்கு மனம் வரவில்லை. இரை போட்டுக் காட்டச் சொன்னார். ஓடிவந்து முதலில் பிடுங்கியதை, மீசை இரண்டும் முனை முறியாமல் இருந்ததைச் சுட்டிக்காட்டி, “அது” என்றார்.

பையில் போட்டுக் கட்டும்போது கடைக்காரர் சொன்னார்: “ஒரு விஷயம். பாம்பு மாதிரி இதுவும் சட்டை உரிக்கும். மீசை முதற்கொண்டு அப்படியே முழு இறால் செத்துக் கிடக்கற மாதிரி இருக்கும். பயந்துடாதீங்க. புதுத்தோல் இறுகற வரைக்கும் அது எங்கேயாவது ஒளிஞ்சுட்டிருக்கும்.”

இதை மனைவியிடம் சொல்வதில்லை என்று வரும் வழியிலேயே முடிவு செய்தார். இத்தனை சாவுக்குப் பிறகு, 'செத்த மாதிரி இருக்கும், ஆனால் செத்திருக்காது' என்று ஆரம்பித்தால் எந்த மனைவி கேட்டுக்கொண்டிருப்பார்?

புதுத் தண்ணீருக்கு அது பழகட்டும் என்று, மெல்லிய குழாயில் முடிச்சுப் போட்டு, தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக இறாலிருந்த வாளியில் விட்டார். ஒரே நாற்காலியில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பொண்ணு பொறந்தப்ப ஆஸ்பத்திரியில இவ்வளவு நேரம் உக்காந்திருந்தீங்களா?” என்றார் மனைவி.

“அப்ப உள்ளே விடல.”

“ஆமா, இப்ப வாளிக்குள்ள விட்டுட்டாங்க.”

இறால் பிழைத்தது. மஞ்சள் மீன் அதன்முன் வந்து செவுளை விரித்து நின்றது, தேய்த்துக்கொள்வதை நிறுத்தியது. வேலை முடிந்து வந்ததும் அவர் சோப்புப் போடாமல் வெறும் தண்ணீரில் கையை நன்றாக அலசிவிட்டுத் தொட்டிக்குள் விடுவார். பெட்டிப் பூட்டுகள் கிழித்த அந்த விரல்களில் இறால் ஏறி மேயும். கூச்சத்தில் சிரிப்பார். கல்யாணமான புதிதில் கேட்ட சிரிப்பு. தையல் மெஷினை மிதித்துக்கொண்டே மனைவி அதைக் கேட்பார், திரும்பிப் பார்க்க மாட்டார்.

ஒரு நாள் அவர் வேலைக்குப் போன பிறகு, மணலில் அது வெளிறிப்போய்ச் சாய்ந்து கிடந்தது. மீசை முதல் வால் வரை முழுசாக. மனைவி கண்ணாடியைத் தட்டிப் பார்த்தார். அசையவில்லை. ஜெயித்தாகிவிட்டது. அளவு நாடாவை எடுத்து ஜன்னலோரத்தை அளந்தார். மெஷின் கச்சிதமாக நிற்கும். நாடாவைச் சுருட்டும்போது, வாளிக்கு முன்னால் கணவர் உட்கார்ந்திருந்த நாற்காலி கண்ணில் பட்டது. பிறகு கரண்டியால் அதை அள்ளிக் குப்பையில் போட்டுவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பினார்.

“முதுகுல வெள்ளைக் கோடு போட்ட இறால் வேணும். போன தடவை வீட்டுக்காரர் வாங்கிட்டு வந்தாரே, அது.”

“ஏங்க, அதுக்கு ஏதாச்சும் ஆயிடுச்சா?” என்றார் கடைக்காரர்.

“அதுக்கென்ன? ஜம்முனு இருக்கு. இது துணைக்கு.”

செத்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கடைக்காரர் விளக்கியிருப்பார். ஆனால் வீட்டுக்காரரின் கௌரவத்தை மீன்கடையில் விட்டுவிட்டு வர முடியுமா?

“கொஞ்சம் பெரிசா தரட்டுமா?”

“வேணாம். அதே அளவு.” துணிக்குப் பொத்தான் பொருத்திப் பார்க்கும் கண்ணோடு ஒன்றைக் காட்டி எடுக்கச் சொன்னார். வீட்டுக்கு வந்து குழாயில் முடிச்சுப் போட்டு, வாளியில் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டு, அதே நாற்காலியில் உட்கார்ந்தார். தைத்துக் கொடுக்க வேண்டிய துணி அப்படியே கிடந்தது.

மாலை கணவர் வந்து தொட்டிக்குள் கையை விட்டார். இறால் வந்தது. கொஞ்சம் தயங்கித்தான் வந்தது. “இன்னைக்கு என்னவோ வெக்கப்படுது” என்றார். மனைவி தலையை நிமிர்த்தவில்லை.

இரண்டொரு நாள் கழித்து உள்ளேயிருந்து கணவரின் குரல் வந்தது. “ஏம்மா, இங்க வாயேன். ரெண்டு இருக்கு.”

மனைவி வந்து பார்த்தார். கல்லுக்குப் பின்னாலிருந்து பளபளவென்று இன்னொன்று வெளியே வந்திருந்தது.

“இருந்தா என்ன? குட்டி போட்டிருக்கும்.”

“அம்மா அளவுக்கேவா?”

அவர் குனிந்து மணலை மூலைமூலையாகப் பார்த்தார். பிறகு மெதுவாக நிமிர்ந்தார். “கீழே ஒண்ணு கிடந்துதா? என்ன பண்ணின?”

“குப்பையில போட்டேன். பின்ன ஊரைக் கூட்டி அழணுமா?”

“அது சாகல. சட்டையை உரிச்சுப் போட்டிருக்கு.”

தெருவுக்கே சட்டை தைக்கிறவர் குனிந்து இரண்டு இறாலையும் மாறி மாறிப் பார்த்தார். “உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

“கடைக்காரர் சொன்னார்.”

“என்கிட்ட சொன்னா என்னவாம்?”

“சொன்னா நம்பியிருப்பியா? சாகறதுக்கு முன்னாடியே சாக்கு தேடறீங்கன்னு சொல்லியிருப்ப.”

மனைவி யோசித்துப் பார்த்தார். “ஆமா, சொல்லியிருப்பேன்.”

அவர் தொண்டையைச் செருமினார். “அப்ப... யாரும் சாகல. தொட்டி இங்கேயே இருக்கலாமில்ல?”

“இனிமே இது உங்க தொட்டி மட்டுமில்ல. முன்னாடி நிக்கறது நான் வாங்கினது, என்னுது. அது இருக்கற வரைக்கும் இருக்கட்டும்.”

ஓவர்லாக் மெஷின் சாப்பாட்டு மேஜைமேல் ஏறியது. இப்போது இருவரும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு தொட்டிக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். இறால்கள் இரண்டையும் பெற்றவர்களாலேயே அடையாளம் சொல்ல முடியாது. அடுத்த சட்டை மணலில் கிடந்த அன்று, அதை உரித்தது யாருடைய இறால் என்று வீட்டில் பெரிய தகராறு.

“உரிச்சா வளருதுன்னு அர்த்தம்” என்றார் மனைவி. “அப்ப இது என்னுதுதான்.”