மைக் ஸ்டாண்டில் சுற்றிய கம்பி

போன வாரம் கனகம்மாசத்திரத்தில் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். சாலையோரம் ஒரு பழைய கார் பானெட்டைத் திறந்தபடி ஆவி விட்டுக்கொண்டிருந்தது. வெந்த ரப்பரும் துருத் தண்ணீரும் கலந்த வாசனை. உங்களுக்கு அது பிடிக்காமல் இருக்கலாம். எனக்கோ மூக்கில் ஏறியதும் கை தானாகக் குடத்தைத் தேடியது. அந்த மயக்கத்தில் நான் ஏற வேண்டிய பஸ் வந்து, போயும்விட்டது.

இருபத்தைந்து வயதில் திருத்தணியில் ஒரு பாட்டுக் கச்சேரிக் குழுவில் நான் தபலா வாசித்தேன். அப்படித்தான் நோட்டீஸில் போட்டிருந்தார்கள். நிஜமான வேலை வேறு. வழியில் வேன் கொதித்து நிற்கும்போதெல்லாம் பிளாஸ்டிக் குடத்தோடு தண்ணீர் தேடி ஓட வேண்டும். பள்ளிப்பட்டிலிருந்து திருவாலங்காடு வரை எந்த வயலில் பம்புசெட் ஓடும், எந்த வீட்டு நாய் கடிக்கும் என்பது தாளங்களைவிட எனக்கு அத்துப்படி.

வேன் எங்கள் டிரைவர் முனிரத்தினம் அண்ணனுடையது. பழைய டீசல் வண்டி. டிரைவர் சீட்டுக்கும் பக்கத்து சீட்டுக்கும் நடுவே, ஒரு தகர மூடிக்கு அடியில் எஞ்சின் இருக்கும். சூடு காட்டும் முள் என்றோ செத்துவிட்டது. அந்த மூடிமேல் தபலாவை வைத்துத் தட்டிக்கொண்டே வருவேன். சூட்டில் தோல் இறுகிச் சுருதி ஏறினால், "அண்ணே, ஏறிகினு போவுது" என்பேன். அவர் பல்லைக் கடிப்பது கேட்கும்.

பாவம், அவர் செய்யாத வைத்தியம் இல்லை. ரேடியேட்டரைக் கழற்றி அடைப்பு எடுத்தார். அதன் மூடியை மாற்றினார். ஃபேன் பெல்ட், வாட்டர் பம்ப், கேஸ்கெட் எல்லாம் புதிது. ஷெட்டில் ஒரு மணி நேரம் ஓடவிட்டால் வண்டி நல்ல பிள்ளையாக நிற்கும். "சூடே ஏறலியேப்பா" என்று மெக்கானிக்குகள் கையைத் துடைத்துக்கொள்வார்கள். திறந்த சாலையில் வேகம் எடுத்துப் பத்து மைல் போனால் கொதித்துவிடும். நான் மட்டும் சும்மா இருப்பேனா? ஸ்பீக்கர் பெட்டிகளின் கனம்தான் காரணம் என்று அடித்துச் சொல்லி, ஒருமுறை அவற்றை பஸ்ஸில் ஏற்றி அனுப்ப வைத்தேன். பெட்டிகள் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தன. நாங்கள்தான் சேரவில்லை.

இப்படி இரண்டு திருவிழாவுக்குத் தாமதமாகப் போனோம். மூன்றாவது எங்கள் சொந்த ஊரில், ஆடிக் கிருத்திகை. மலையடிவாரத்தில் மேடை. விழாக் குழுச் செயலாளர் நேராகவே சொல்லிவிட்டார்: "ஆறு மணிக்கு மேடையில இல்லன்னா வேற பார்ட்டிய ஏத்திடுவோம். அப்பால என்னைக் கேக்கக் கூடாது." சொந்த ஊரிலேயே பேர் கெட்டால் பிறகு யார் கூப்பிடுவார்கள்? முனிரத்தினம் அண்ணனும் ஒரு முடிவோடுதான் அன்று வண்டியை எடுத்தார். "இன்னிக்கும் கொதிச்சா இரும்புக் கடைக்குத் தள்ளிடுவேன்" என்றார். எட்டு வருஷம் சோறு போட்ட வண்டி.

முதல் நாள் கச்சேரி பள்ளிப்பட்டில். மறுநாள் மதியம் இரண்டு மணிக்குக் கிளம்பினோம். பாதி வழியில், ஒரு கரும்புத் தோட்டத்துப் பக்கத்தில், தபலா "டிங்" என்றது. அடுத்த நிமிஷம் ஆவி. அண்ணன் இறங்கி, வண்டியைப் பார்க்காமல் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் வழக்கம்போலக் குடத்தோடு ஓடினேன். தோட்டக்காரர், "இன்னா நைனா, திருத்தணிக்கா? ரொப்பிக்க, ரொப்பிக்க" என்று பம்புசெட்டைக் காட்டினார்.

திரும்பி வந்தபோது வசந்தாக்கா அண்ணனிடம் பேசிக்கொண்டிருந்தார். எங்கள் பாடகி, பள்ளிப்பட்டு நெசவுக் குடும்பம். தமிழும் தெலுங்கும் ஒரே மூச்சில் பாடுவார்.

"அண்ணே, போன வருசம் மேல் சுருதில மட்டும் எனக்குத் தொண்ட அடச்சிக்கும். டாக்டருங்க வாயத் தொறந்து பாத்து, ஒண்ணுமில்லம்மான்னு அனுப்பிடுவாங்க. கடைசியா ஒருத்தர்தான், அந்தச் சுருதியப் புடிச்சி இழும்மான்னு சொல்லி உள்ள பாத்தாரு. அப்பத்தான் தெரிஞ்சிது. இத யாராச்சும் அப்பிடிப் பாத்தாங்களா?"

"ஓடவுட்டுத்தாம்மா பாத்தாங்க."

"மொணகிகினு கெடக்கச்சொல்ல பாத்தாங்க. கத்தச்சொல்ல பாத்தாங்களா?"

நின்ற இடத்தில் முனகும்போது பார்த்தார்கள், வேகத்தில் அலறும்போது யாரும் பார்க்கவில்லை. அண்ணன் என் கையிலிருந்து குடத்தை வாங்கினார்.

சூடு தணியக் காத்திருந்து, தண்ணீர் ஊற்றி, எஞ்சினைக் கிளப்பினோம். அக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, தகர மூடியைத் தூக்கிவிட்டுக் குனிந்தார். "மிதிங்க!" அண்ணன் நின்ற இடத்திலேயே ஆக்சிலேட்டரை மிதித்தார். வண்டி அலறியது.

"கொழா சப்பையாவுது! கீழ் கொழா! வுடுங்க... தோ, உப்பிக்கிச்சி. திரும்பி மிதிங்க!"

எல்லாரும் முட்டிக்கொண்டு பார்த்தோம். ரேடியேட்டரின் அடியிலிருந்து எஞ்சினுக்குத் தண்ணீர் போகும் ரப்பர் குழாய், அண்ணன் மிதிக்க மிதிக்கச் சப்பிய மாங்கொட்டை போல ஒட்டிக்கொண்டது. காலை எடுத்ததும் ஒன்றும் தெரியாததுபோல உருண்டது. கழற்றிப் பார்த்தால், உள்ளே அதைத் தாங்கி நிற்க வேண்டிய சுருள் கம்பி துருப்பிடித்து உதிர்ந்துபோயிருந்தது. வேகத்தில் பம்ப் உறிஞ்சும்போது குழாய் ஒட்டிக்கொள்ள, தண்ணீர் போக வழியில்லை. வண்டியை நிறுத்திப் பார்த்த யாருக்கும் அது எப்படித் தெரியும்?

அண்ணன் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். தோட்டக்காரர் வேலியிலிருந்து தடிமனான கம்பியை வெட்டிக் கொடுத்தார். சுற்றுவதற்கு உருளையாக ஏதாவது வேண்டுமே! நான் மைக் ஸ்டாண்டை நீட்டினேன். குழுவில் நான் சொன்ன ஒரே உருப்படியான யோசனை அது. தோட்டக்காரர் ஒரு முனையைப் பிடிக்க, அண்ணன் நெருக்கி நெருக்கிச் சுற்றினார். ஸ்டாண்டிலிருந்து உருவியதும் கம்பி கொஞ்சம் விரிந்து, குழாய்க்குள் கச்சிதமாக உட்கார்ந்தது. குழாயை மாட்டி, மறுபடி தண்ணீர் ஊற்றிவிட்டு மிதித்தார். குழாய் அசையவில்லை.

அதற்குப் பிறகு எங்கும் நிற்கவில்லை. தட்டித் தட்டிப் பார்த்தேன். சுருதி அப்படியே இருந்தது. மலை தெரிந்ததும் நாங்கள் போட்ட கூச்சலில் காவடி எடுத்து நடந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆறு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது மேடைக்குப் பின்னால் வண்டி நின்றது. செயலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். "ஆங், ஏறுங்க ஏறுங்க" என்றார்.

வசந்தாக்கா மைக்கைப் பிடித்ததும் பாடவில்லை. "எங்கள நேரத்துக்குக் கொண்டாந்து சேத்த டிரைவர் முனிரத்தினம் அண்ணனுக்கு ஒரு கைதட்டு குடுங்க" என்றார். கூட்டம் தட்டியது. அண்ணன் ஓடி வந்து மைக்கைப் பிடுங்கி, "பொய்ங்க! வண்டிக்கு வைத்தியம் பண்ணதே இந்தம்மாதான்!" என்றார். அதற்கு இன்னும் பெரிய கைதட்டல். அந்த உற்சாகத்தில் அன்று நான்கூட நன்றாக வாசித்தேன் என்று சொன்னார்கள்.

அடுத்த வாரம் குழு முழுவதையும் ஏற்றிக்கொண்டு அண்ணன் மலைமேல் போனார். ஒரு வளைவில்கூட நிற்காமல் ஏறினோம். ரொம்ப நாள் வரை அவர் புதுக் குழாய் வாங்கவில்லை.

இப்போது குழு இல்லை. திருவிழாவில் ஒரு பெரிய பெட்டியும் பென் டிரைவும் பாடுகின்றன. அந்தக் கரும்புத் தோட்டம் வீட்டு மனையாகிவிட்டது. கலர் கலராகக் கல் நட்டிருக்கிறார்கள். வேன் கடைசியில் இரும்புக் கடைக்குத்தான் போனது. முனிரத்தினம் அண்ணனும் இன்று இல்லை. எப்போதாவது வெளியூர்க் கச்சேரி நடந்தால் போய் நிற்கிறேன். பாடுபவர், வாசிப்பவர், சவுண்டு, லைட் என்று எல்லார் பெயரையும் சொல்கிறார்கள். வண்டி ஓட்டி வந்தவர் பெயரை யாரும் சொல்வதில்லை.