மரங்கொத்திக்குத் தலை வலிக்காதாம்

தொண்ணூறுகளின் நடுவில் ஓர் ஆயுத பூஜை நாள். அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாக இறங்கவில்லை.

அப்போது நான் கோவையில் ஒரு பெண்கள் கல்லூரியில் விலங்கியல் நடத்திக்கொண்டிருந்தேன். என் கணவரின் அண்ணனுக்கு ஊருக்கு வெளியே ஒரு பட்டறை இருந்தது. பழுக்கக் காய்ந்த இரும்பை அச்சில் வைத்து, மேலேயிருந்து ஹேமரை விழவைத்து மோட்டார் பாகங்களுக்கு வடிவம் எடுக்கும் பட்டறை. ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் இயந்திரச் சுத்தியல் அது. விழும் ஒவ்வொரு முறையும் எதிர்ச்சாரி டீக்கடையில் கண்ணாடித் தம்ளர்கள் கிணுகிணுக்கும்.

பூஜைக்கு முந்திய வாரம் அவர் ஆர்.எஸ்.புரத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"அம்மணி, நீ பட்சிகளப் பத்தித்தான பாடம் நடத்தற? பூசையன்னிக்கு நம்ம ஆளுங்க முன்னால மரங்கொத்தியப் பத்திப் பேசோணும். நாள் பூரா மரத்துல முட்டுது, தலைவலியே வரதில்ல. அது எப்படீன்னு நீ சொன்னீன்னா அவங்களுக்கு ஒரு ஊக்கமா இருக்கும்."

எனக்கு மகிழ்ச்சிதான். புகுந்த வீட்டில் யாரும் என் பாடத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்டதில்லை. சாயங்காலங்களில் உட்கார்ந்து சார்ட் தாளில் பெரிய பெரிய படங்களாக வரைந்தேன். கல்லூரி ஆய்வகத்திலிருந்து, தென்னந்தோப்புகளில் திரியும் பொன்முதுகு மரங்கொத்தியின் மண்டையோடு ஒன்றைக் கேட்டு வாங்கிப் பஞ்சில் சுற்றி எடுத்துப்போனேன்.

பூஜை முடிந்து பொரியும் கடலையும் கொடுத்தபின், தொழிலாளிகள் குடும்பத்தோடு தரையில் உட்கார்ந்தார்கள். அண்ணன் மைக்கைப் பிடித்தார்.

"நம்ம ஆளுங்கள்ல சில பேரு தலை வலிக்குது, காது இரையுதுன்னு லீவு கேக்கறாங்க. ஹேமர்ல நிக்க மாட்டேங்கறாங்க. விரல் நீளம் அலகு இருக்கற ஒரு பட்சி தாங்குது, சோறு திங்கற மனுசன் தாங்கமாட்டானா? எப்படித் தாங்குதுன்னு எங்க தம்பி சம்சாரம் சொல்லுவாங்க, கேட்டுக்குங்க."

இதற்கா என்னைக் கூப்பிட்டார்? முன்வரிசையில் ஹேமர் ஓட்டுகிறவர், இயந்திரம் ஓடாத அன்றும் பழக்கத்தால் இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு, முதலாளியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன பேசுகிறார் என்று பக்கத்தில் இருந்த மனைவி அவர் காதருகே குனிந்து திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். தன்னைத்தான் திட்டுகிறார்கள் என்பதையே அந்த மனிதர் மனைவி வாயால் கேட்கவேண்டியிருந்தது.

மைக் என் கைக்கு வந்தது. மண்டையோட்டைத் தூக்கிக் காட்டினேன்.

"இதோட மூளை ஒரு சுண்டைக்காயாட்டம் இருக்கும்ங்க. அத்தனூண்டு மூளைக்கு அடி பெருசாத் தெரியாது. தென்னை உச்சியிலிருந்து எறும்பு விழுந்தா எந்திரிச்சு நடக்குது, நாம விழுந்தா என்னாகும்? அப்புறம், இதோட மூளை மண்டைக்குள்ள இடைவெளி இல்லாமப் பொருந்தி இருக்கு. நம்ம மூளை தண்ணிக்குள்ள மெதக்குது. அதிர்ந்தா ஆடும்."

படங்களை ஒவ்வொன்றாக விரித்தேன். நாக்கின் எலும்பு பின்மண்டையைச் சுற்றி, உச்சிவழியாக முன்னால் வரை ஓடுவது. கொத்தும் கணத்தில் கண்ணை மூடிக்கொள்ளும் மூன்றாவது இமை. மரத்தூள் போகாமல் மூக்கை மறைக்கும் மயிரிறகுகள். கழுத்தின் தடித்த தசை. மரத்தில் ஊன்றிக்கொள்ள விறைப்பான வால். மண்டையின் பஞ்சு போன்ற எலும்புதான் அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது என்று எங்கள் பாடத்தில் இருந்ததையும் சொன்னேன். அது அப்படி இல்லை, மூளை சிறிதாக இருப்பதே முக்கியம் என்று பிற்பாடு ஆராய்ச்சியாளர்கள் சொன்னார்கள்.

"இத்தனையும் இருந்தும் அது நாள் பூரா முட்டறதில்லீங்க. கொஞ்சம் கொத்தும், நிறுத்தும், நகரும், எறும்பு திங்கும். யாரும் அதை ஷிப்டு முடியற வரைக்கும் ஒரே மரத்துல நிக்க வெக்கறதில்ல. நமக்கு இந்த இமை இல்ல, இந்த மண்டை இல்ல. காதை மூடிக்க ஒரு தோல்கூட இல்ல. அதனால தலை வலிக்குதுன்னு ஒருத்தர் சொன்னா, வலிக்குதுன்னுதான் அர்த்தம்."

அண்ணன் மைக்கைப் பிடுங்காத குறையாக வாங்கி, "சரி, சாப்பிடப் போலாம்" என்றார்.

பந்தியில் ஹேமர்காரரின் மனைவி என்னருகே வந்தாள்.

"ஏனுங்க, காது திரும்ப வருங்களா? ஊட்டுல கொழந்தை அழுதாக்கூட அவருக்குக் கேக்கறதில்லீங்க. கோவிச்சுக்கிட்டுப் பேசாம இருக்காருன்னு மொதல்ல நெனச்சுப்போட்டேன்."

காது டாக்டரிடம் காட்டச் சொன்னேன். உள்ளே செத்துப்போன நரம்பு திரும்பி வராது என்று எனக்குத் தெரியும். அதை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை.

திரும்பும்போது ஸ்கூட்டரில் என் கணவர், "அண்ணனை நாலு பேர் முன்னால அப்படிப் பேசலாமா?" என்றார்.

"அவர் அந்த மனுசனை எத்தனை பேர் முன்னால பேசினார்?" என்றேன். மாமியார் ஒரு வாரம் என் கையால் காப்பி வாங்கிக் குடிக்கவில்லை.

ஆனால் பூஜை விடுமுறை முடிந்த காலையில் பட்டறையில் யாரும் ஹேமர் பக்கம் போகவில்லையாம். ஒரே ஆளை நாள் முழுக்க நிறுத்தக்கூடாது, மாற்றி மாற்றி விடவேண்டும், காதுக்கு மூடி வேண்டும் என்று எல்லோரும் சேர்ந்து கேட்டிருக்கிறார்கள். ஆர்டர் நெருக்கடி. அண்ணன் கொஞ்சம் கத்திப் பார்த்துவிட்டு ஒத்துக்கொண்டார். ஹேமர்காரரைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். டாக்டர் பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டார். அவருக்குக் கேட்டது கொஞ்சம்தான், அதுவும் ஒரு காதில் மட்டும்.

மறு வருடம் தாராபுரத்தில் ஒரு கல்யாணம். பந்தலில் அண்ணன் வியாபாரிகள் நடுவே உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தார். "நம்ம பட்டறையில ஆளுங்களுக்குக் காது மூடி நானாப் பாத்து வாங்கிக் குடுத்தேன். தொழிலாளி நல்லா இருந்தாத்தானுங்களே தொழிலு?" கேட்டவர்கள் தலையாட்டினார்கள். என்னைப் பார்த்ததும் சிரித்து, "வா அம்மணி, சாப்பிட்டியா?" என்றார்.

சாப்பிடாமலே எழுந்து வந்தேன்.