பின்னுக்குப் பெரியது, முன்னுக்குச் சின்னது

முல்லைத்தீவில் இறால் வியாபாரம் செய்த முதலாளி ஒருவரிடம் நான் ஜீப் ஓட்டினேன். பட்டாளத்தில் ஓடிக் களைத்து, கை மாறிக் கை மாறி அவரிடம் வந்த பழைய ஜீப். கொக்கிளாய்க் களப்பில் இறால் நன்றாகப் படுவது மாரியில்தான். அங்கேயிருந்து வருகிற பாதை பாதையாக இல்லாமற் போவதும் மாரியில்தான். கோடையில் எங்களுக்குப் பாதை இருந்தது, இறால் இல்லை. மாரியில் இறால் இருந்தது, பாதை இல்லை.

"இந்த மாரியும் ஓடாட்டி இதை வித்துப்போட்டு மாட்டு வண்டிலுக்கே போவம், தம்பி" என்றார் முதலாளி.

அவர் அதை வெற்றிலை போட்டபடி சாதாரணமாகச் சொன்னார். எனக்கு அது சாதாரணமில்லை. உருத்திரபுரத்தில் ஐயாவுக்குக் கிடைத்த குடியேற்றக் காணியை ஒரு பிள்ளையின் பெயருக்குத்தான் எழுதலாம் என்றார்கள். அண்ணரின் பெயருக்கு எழுதியாயிற்று. அது நியாயம்தான், ஐயாவோடு நின்று காடு வெட்டியது அவர். ஜீப் போனால் நான் அண்ணரின் வயலில் வரம்பு கட்டி, அண்ணியின் குசினியில் சாப்பிட வேண்டும். அண்ணி நல்லவ. ஒரு நாளும் முகம் சுளிக்கமாட்டா. அதனால்தான் எனக்கு இன்னும் கூச்சம்.

முதலாளி ஒரு வழி கண்டுபிடித்தார். ஜீப்பை வவுனியாவுக்குக் கொண்டுபோய், லொறி வில்லுத் தகடுகளை மேலதிகமாக வைத்து உடம்பை உயர்த்தச் சொன்னார். கராஜ் மெக்கானிக் உயர்த்திவிட்டார். ஆனால் உயர்ந்த உடம்புக்குக் கீழே பழைய சில்லுகள் நின்றதைப் பார்க்க, பெரிய மனுசன் பள்ளிக்கூடப் பிள்ளையின் செருப்பைப் போட்டுக்கொண்டு நிற்பது போல இருந்தது.

"இப்ப ரயர் பெருசாப் போடவேணும். என்ன சைஸ்?" என்று மெக்கானிக் கேட்டார்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். "ஓட்டுறவன் நீ. நீ சொல்லு."

அதுவரைக்கும் என்னிடம் ஒருவரும் ஒன்றும் கேட்டதில்லை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எண் வாசிப்பேன். பழைய ரயரில் ஆறு என்றும் பதினாறு என்றும் இருந்தது. கராஜின் மூலையில் கிடந்த பெரிய ரயர்களில் ஏழரை என்றும் அதே பதினாறு என்றும் இருந்தது. ரயர் பெரியது, பதினாறு மட்டும் ஏன் வளரவில்லை? கேட்க வெட்கமாக இருந்தது. இரண்டு பேரும் தேத்தண்ணி குடிக்கப் போன நேரம் ஒரு நூலை எடுத்து அளந்தேன். உயரம் பதினாறு அங்குலத்துக்கு எவ்வளவோ மேலே போயிற்று. கடைசியில் நடுவில் இருந்த ஓட்டையை அளந்தேன். பதினாறு. ரயர் விற்கிறவர்கள் ரயரை விட்டுவிட்டு ஓட்டையை ஏன் அளக்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

ஏழரை என்பது அகலமாம், திரும்பி வந்த மெக்கானிக் சொன்னார். எங்களுக்கு வேண்டியது உயரமல்லவா என்று மெல்லக் கேட்டேன்.

"அகலம் கூடினால் உயரமும் கூடும்" என்றார் மெக்கானிக். பிறகு சிரித்துக்கொண்டு, "எல்லாரையும் ஏழரை தேடி வந்து பிடிக்கும். நீங்கள் வவுனியா வரைக்கும் வந்து விலைக்குக் கேட்கிறீங்கள்" என்றார்.

முதலாளியும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வண்டில் சில்லு உயரமாய் ஒடுங்கி இருக்கிறது, சேற்றை வெட்டிக்கொண்டு அடித்தரையைத் தொடுகிறது. கரைவலைக்காரர் மணலில் அகலமானதுதான் தாழாது என்கிறார்கள். எங்கள் பாதையில் சேறும் இருந்தது, மணலும் இருந்தது. யாரை நம்புவது?

அப்போதுதான் உருத்திரபுரத்து உழவு மெசின் நினைவுக்கு வந்தது. தண்ணீர் கட்டி நிற்கிற வயலில் அது தாழ்ந்து நான் கண்டதில்லை. பின்சில்லு ஆள் உயரம், முன்சில்லு சின்னன்.

"மெசினுக்கு மாதிரி, பின்னுக்கு மட்டும் பெருசு போட்டால் என்ன, முதலாளி?" என்றேன்.

"அட, உண்மைதானே" என்றார் முதலாளி. லொறி திருத்திப் பழகிய மெக்கானிக் முகட்டைப் பார்த்துக் கொஞ்சம் யோசித்து, "அப்பிடியும் செய்யலாம்" என்றார். மூன்று பேருக்கும் அது சரியாகப்பட்டது.

ஜீப் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு, குளத்தில் தண்ணீர் குடிக்கக் குனிந்த மாடு போல நின்றது. முன் வெளிச்சம் இரண்டும் நிலத்தைப் பார்த்தன.

மாரி பிறந்தது. சேற்றில் இறங்கும்போது முன்சில்லையும் இழுக்க வைக்கிற சின்ன லிவரைப் போட்டேன். வழமையாக ஜீப் புதைந்து இருந்துவிடுகிற பள்ளத்தில் இருக்கவில்லை. இறால் கூடைகளை ஏற்றிக்கொண்டு திரும்பும்போதும் இருக்கவில்லை. என் வேலை தப்பியது என்றுதான் நினைத்தேன்.

முல்லைத்தீவுக்குக் கிட்டக் கிரவல் கொட்டி இறுக்கிய ரோட்டில் ஏறியதும் ஜீப் முனகத் தொடங்கியது. ஸ்டேரிங் இறுகியது. லிவரை எடுக்கப் பார்த்தேன். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தேன். அது மரத்தில் அறைந்த ஆணி போல நின்றது. தேத்தண்ணிக் கடைக்கு முன்னால் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, ஓரம் கட்டுவதற்காகக் கொஞ்சம் பின்னுக்கு எடுத்தேன். லிவர் தானாகக் கையோடு வந்தது. என்ன நடந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த பயணமும் அப்படித்தான். அதற்கடுத்ததும். சேற்றில் நல்ல பிள்ளை, ரோட்டில் அடம். பின்னுக்குப் போனால் விடும், போகாவிட்டால் விடாது. ஆகவே கிரவலில் ஏறியதும் பின்னுக்குப் போவது என் வழக்கமாயிற்று. கடைக்காரருக்கும் அது ஒரு பொழுதுபோக்காயிற்று.

"அண்ணை, முல்லைத்தீவு முன்னுக்கெல்லோ இருக்கு" என்பார் கடைக்காரர்.

"விடடாப்பா. இறால் ஏத்தி ஏத்தி ஆளும் இறால் மாதிரிப் பின்னுக்குப் போறார்."

இதைச் சொன்னவர் மணல் வண்டில் ஓட்டுகிறவர், வாய்க்காரர். நான் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவேன்.

ஒரு நாள் முதலாளியும் கூட வந்தார். அன்றைக்கு முனகலோடு எண்ணெய் கருகுகிற மணமும் வந்தது. அவருக்கு முன்னால் பின்னுக்கு எடுக்க எனக்குக் கை கூசியது. எடுக்காமலும் முடியவில்லை.

"என்ன தம்பி, எதையும் விட்டிட்டு வந்திட்டியோ?"

"இல்லை முதலாளி. பின்னுக்குப் போனால்தான் லிவர் விடும்."

"ஏன்?"

"தெரியேல்ல."

அவர் இறங்கிச் சாரத்தை மடித்துக் குந்தி, கியர்ப் பெட்டியின் அடியைத் தொட்டார். உடனே கையை எடுத்து உதறினார். கடை வாங்குப் பலகையில் போய் இருந்தார். விற்கத்தான் போகிறார் என்று நினைத்தேன்.

வண்டில்காரர் ஜீப்பைச் சுற்றி வந்தார். "நெட்டை மாட்டையும் குட்டை மாட்டையும் ஒரு நுகத்தில பூட்டினால் இப்பிடித்தான், முதலாளி. சேறு எண்டால் சறுக்கிச் சறுக்கிச் சமாளிக்கும். காய்ஞ்ச தரையில ஒண்டை ஒண்டு இழுத்துக் கழுத்தை அறுக்கும்."

"உழவு மெசினுக்கும் முன்சில்லு சின்னன்தானே. அது ஓடுதெல்லோ" என்றார் முதலாளி.

"அந்த மெசினுக்கு முன்சில்லு இழுக்கிறேல்ல. சும்மா உருளுறது" என்று ஒரு குரல் கேட்டது. அது என்னுடையது. பல போகம் அந்த மெசினுக்குப் பின்னால் நடந்தவன் நான். அந்த நிமிசம் வரைக்கும் அதை நினைத்துப் பார்த்ததில்லை. சொன்ன பிறகு, சரியானதைச் சொன்னேனா, என் வேலைக்கு நானே குழி வெட்டினேனா என்றும் தெரியவில்லை.

முதலாளி தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். "அப்ப நெட்டை மாடு இன்னொரு சோடி வாங்கவேணும்" என்றார்.

வவுனியாவில் முன்னுக்கும் ஏழரை போட்டோம். திருப்பினால் ரயர் மட்கார்ட்டில் உரசியது. மெக்கானிக் அதன் மூலையை இரும்பு அறுக்கிற வாளால் அரிந்துவிட்டார். இவ்வளவு பெரிய ரயர் வேண்டுமென்றால் முதலே அரிந்திருக்கலாமே என்று நினைத்தேன், கேட்கவில்லை. கொக்கிளாய் போய்த் திரும்பிக் கிரவலில் ஏறியதும் லிவரைத் தொட்டேன். ஒரு விரலுக்கு வந்தது. நம்பாமல் மறுபடி போட்டு மறுபடி எடுத்தேன். முனகலும் இல்லை. ஆனாலும் அன்றைக்கு முழுக்க ஏதோ குறைகிறது போலவே ஓட்டினேன்.

தை மாதம் நெல் அரிவு வெட்டுக்கு வரச்சொல்லி அண்ணர் ஆள் அனுப்பினார். மாரிப் பாதை காயும்வரைக்கும் ஜீப்பை விட்டிட்டு வரேலாது, அண்ணரைக் கூலிக்கு வேறு ஆள் பிடிக்கச் சொல்லுங்கோ என்று சொல்லி அனுப்பினேன்.