யாரும் பார்க்காத குளம்

குரோம்பேட்டையில் ஒரு டயாலிசிஸ் சென்டருக்கு நான் செய்த வெப்சைட்டில் ஒரு குளம் இருந்தது. விடியற்காலை நீலத்தில் தண்ணீர், அதன்மேல் மெல்லிய பனி. விரல் பட்ட இடத்தில் அலை விரியும். பயந்த மனதோடு வருகிறவர்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கட்டுமே என்று மூன்று மாதம் இழைத்தேன். நாவலூர் ஆபீஸில் அதைத் திறந்துவைத்துக்கொண்டு நானே சொக்கிப்போய் உட்கார்ந்திருப்பேன். குளத்துக்குக் கீழேதான் மறுநாளுக்குக் காலியான ஸ்லாட்டுகளின் பட்டியல். காலை ஏழு மணிக்குத் திறக்கும். முதலில் தொட்டவருக்கு இடம்.

இரண்டாம் வாரமே டாக்டர் போன் செய்தார். "சைட் வரலைன்னு பேஷண்ட்ஸ் நேர்லயே வந்து நிக்கிறாங்க மேடம்."

"இங்க நல்லா ஓடுதே டாக்டர்" என்றேன். எங்கள் தொழிலில் எல்லோரும் சொல்கிற பதில்தான். சொல்லிவிட்டு மனசு கேட்காமல் நேரில் போனேன்.

அங்கே செல்வராணி என்றொரு அக்கா உட்கார்ந்திருந்தார். கூடுவாஞ்சேரியிலிருந்து தினமும் ரயிலில் வேலைக்குப் போகிறவர். அவர் கணவருக்கு இன்னும் நிரந்தர ஸ்லாட் அமையவில்லை. காலியாகும் இடத்தைப் பிடித்தால்தான் உண்டு.

"ஏழு மணிக்கு ரயில்லதான் இருப்பேன் மேடம். வெள்ளையா இருக்கும், ஒரு வட்டம் சுத்தும். அது நிக்கிறதுக்குள்ள இடம் போயிடுது. அவருக்குக் கால் வீங்கிக் கெடக்கு."

அன்றைக்கு டாக்டர் எப்படியோ ஓர் இடம் கொடுத்துவிட்டார். எனக்குத்தான் அக்கா முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

மறுநாள் கூடுவாஞ்சேரி போய், ஒரு சாதாரண போனோடு அதே ரயிலில் ஏறினேன். வண்டலூர் மரங்கள்மேல் நிஜப் பனி படர்ந்திருந்தது. கையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பெருங்களத்தூர் வந்தும் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. அப்போதுதான் உறைத்தது. ரயிலின் மெலிந்த நெட்டில் இறங்கமுடியாத கனம் அந்தக் குளம்; ஆனால் ஒருமுறை டவுன்லோடு ஆனதும் எங்கள் ஆபீஸ் பிரவுசர்களிலேயே தங்கிவிட்டது. தினமும் அந்தப் பழைய குளத்தைத் திறந்து, என்ன வேகம் என்று எங்களை நாங்களே மெச்சிக்கொண்டிருந்தோம். குளம் முழுக்க வந்தபிறகுதான் பட்டியல் தெரியவேண்டும் என்று எழுதிய புத்திசாலியும் நான்தான். இல்லாவிட்டால் அழகு கெட்டுவிடுமாம்.

"குளத்தை எடுத்துட்டா சைட்ல என்னம்மா இருக்கு?" என்றார் எங்கள் ஆபீஸ் மேனேஜர்.

"ஸ்லாட் இருக்கு சார்."

பட்டியலை முன்னால் கொண்டுவந்தேன். வெறும் எழுத்து, ஒரு பட்டன். நெட் லைன் நன்றாக இருந்தால் மட்டும் கடைசியில் குளம். பின்னணியில் அந்த நீலத்தை மட்டும் விட்டுவைத்தேன், அதற்கு எடையே கிடையாது. மூன்று மாத வேலையை ஒரே மதியத்தில் ஓரங்கட்டியது வலித்தது, பொய் சொல்லமாட்டேன்.

அடுத்த நாள் ரயிலில் அக்காவுக்கு எதிரில் உட்கார்ந்தேன். ஏழு மணி. வண்டலூர் தாண்டும்போது தொட்டார்.

"கெடச்சிருச்சு மேடம்." போனை மடியில் கவிழ்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டார்.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "குளம் இல்லாம வெறிச்சுனு இருக்காக்கா?"

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "எந்தக் குளம்?"

அதன்பிறகு எந்த சைட் செய்தாலும், அந்த ரயிலில் ஒருமுறை திறந்துபார்க்காமல் யாருக்கும் காட்டுவதில்லை.