பச்சைப் பொடி தூவிய இடம்

கல்லூரியில் இரண்டாம் வருடம் படித்தபோது தா.பழூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் எங்களுக்கு ஏழு நாள் சேவை முகாம் போட்டார்கள். அரியலூரில் பஸ் கிளம்பியதுமே தோழிகள் எங்கள் நால்வருக்கும் கிறுக்குப் பிடித்துவிட்டது. வீட்டை விட்டு வெளியே தங்குவது அதுதான் முதல் தடவை. சாம்பாரில் உப்பில்லை என்றால் சிரிப்பு. சார் விசில் ஊதினால் சிரிப்பு, ஊத மறந்தால் அதற்கும் சிரிப்பு.

எனக்கு மட்டும் உள்ளுக்குள் ஒரு பயம். என் வீடு காலனியில் இருப்பது மற்ற மூவருக்கும் தெரியாது. கேட்டால், "பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி" என்பேன். பொய் இல்லை, பின்னாடி ஒன்றரை கிலோமீட்டர். முக்கியமாக வகுப்பில் என் பக்கத்தில் உட்காருகிறவளுக்குத் தெரியக் கூடாது. தன் டிபன் பாக்ஸை என்னிடம் தள்ளிவிட்டு என்னுடையதைத் தின்கிறவள் அவள். தெரிந்த பிறகும் தள்ளுவாளா?

மூன்றாம் நாள் ஊர் வரைபடம். ரோட்டோரத் திடலில் கோலப்பொடியால் ஊர் முழுவதையும் வரைய வேண்டும்; ஊர்க்காரர்கள் சுற்றி நின்று சரிபார்ப்பார்கள். காலையில் ஊர்ப் பெரியவர் ஒருவர் எங்களைத் தெருத்தெருவாகக் கூட்டிக்கொண்டு போனார். மெயின் ரோடு வந்ததும், "அவ்வளவுதாம்மா ஊரு" என்று திருப்பிவிட்டார். ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. அது யார் தெருத் தொட்டி என்று எனக்கா தெரியாது?

கோயில், ஏரி, ரேஷன் கடை எல்லாம் வரைந்தோம். ஒருத்தி டீக்கடையில் போண்டா போட்டாள். இன்னொருத்தி ஏரியில் திமிங்கலம் விட்டாள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் என்ன என்று சார் கேட்டபோது, "வயல் சார்" என்று சொல்லி, நானே இரண்டு கை பச்சைப் பொடியை அள்ளித் தூவினேன். ஊர்க்காரர்கள் பார்த்துவிட்டு, "அப்படியே அச்சு மாதிரி இருக்கு" என்றார்கள். எதுவும் விட்டுப்போனதாக ஒருவரும் சொல்லவில்லை.

களையெடுத்துவிட்டு வந்த ஓர் அம்மா தூக்குவாளியோடு நின்று வெகுநேரம் பார்த்தார்.

"எங்க வூடு எங்கம்மா இருக்கு?"

"எந்தத் தெருங்க?" என்றேன்.

"ரோட்டுக்கு அந்தாண்ட." பச்சையைக் காட்டினார். "எல்லார் வூட்டு மேலயும் நாத்து நட்டு வச்சிருக்கீங்களே."

தோழிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்த அம்மாவும் சிரித்தார். எனக்குக் காது சுட்டது. இன்னொருவர் செய்திருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன், செய்தது நானாயிற்றே. விளக்குமாற்றை எடுத்துப் பச்சையைக் கூட்டித் தள்ளினேன். மண்பாதை, இரண்டு வரிசை வீடு, தொட்டிக்குக் கீழே ஒற்றைக் குழாய், கடைசியில் சுடுகாட்டுப் பாதை என்று கை தானாக வரைந்துகொண்டே போனது. திடலில் இடம் போதாமல் வரைபடம் தார் ரோட்டில் ஏறிவிட்டது. தா.பழூர் பஸ் வந்து ஆரன் அடித்தது. சார் விசில் ஊதிக்கொண்டே ஓடினார். அந்த அம்மாவோ பஸ்ஸின் முன்னால் கையைக் காட்டி, "கொஞ்சம் இருங்க, எங்க வூடு வந்துக்கிட்டு இருக்கு" என்றார். கண்டக்டர் இறங்கிப் பார்த்துவிட்டு, டிரைவரை ஓரமாக ஒடித்துப் போகச் சொன்னார்.

"கொழாய் சரிதாம்மா" என்றார் அந்த அம்மா.

என் டிபனைத் தின்னும் பக்கத்துக்காரி என்னைப் பார்த்தாள். "நீ அந்தாண்ட போகவே இல்லியே. உனக்கு எப்படிடி தெரியும்?"

பஸ்ஸை நிறுத்திய திமிரோ என்னவோ, வாய் முந்திக்கொண்டது. "எங்க தெருவும் இப்படித்தான்டி இருக்கும்."

திமிங்கலம் விட்டவள், "அடிப்பாவி, அதுக்காகவா எங்கள ஒரு நாளும் சாப்புடக் கூப்புடல?" என்றாள். மறுபடி சிரிப்பு. எனக்கு அப்பாடா என்றிருந்தது. பக்கத்துக்காரி மட்டும் சிரிக்கவில்லை. பைப்படியில் கை கழுவும்போது மெல்லச் சொன்னாள்: "எங்க வூட்டுக் கொல்லையில களையெடுக்க வர்றவங்களுக்குன்னு தனியா ரெண்டு டம்ளர் இருக்குடி. ஏன் தனியான்னு நான் கேட்டதே இல்ல."

முகாம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை மூவரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். பக்கத்துக்காரி கருவாட்டுக் குழம்பை மூன்று முறை வாங்கி ஊற்றிக்கொண்டாள். என் அம்மாவுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. அம்மா பூரித்துப் போனார்.

மறுவாரம் வகுப்பில் பக்கத்துக்காரி என் காதில் கிசுகிசுத்தாள்: "அந்த ரெண்டு டம்ளரையும் கெணத்துல போட்டுட்டேன்டி." நாங்கள் சிரித்த சிரிப்பில் இருவரையும் வெளியே அனுப்பிவிட்டார்கள். வராந்தாவிலும் சிரித்தோம்.

அவள் வீட்டுக்கு நான் இன்னும் போகவில்லை. அவள் அம்மா சந்தையில் புதிதாக இரண்டு டம்ளர் வாங்கிவிட்டாராம்.