ஆலப்பாக்கத்தில் ஏறி செம்மங்குப்பத்தில் இறங்கும் மாத்திரை

கவனம் ஓரிடத்தில் நிற்காத என் கோளாறுக்கு முப்பத்தெட்டு வயதில்தான் ஏ.டி.எச்.டி. என்று ஒரு பெயர் கிடைத்தது. ஏழாம் வகுப்பைப் பாதியில் விட்டதற்கும், திருப்பூர், சூரத், கொச்சி என்று போன ஊரிலெல்லாம் வேலையை உதறிவிட்டு நடந்ததற்கும் அதுவும் ஒரு காரணமாம். இப்போது கடலூரில் ஒரு பேக்கரி வேனில் போய், சிதம்பரம் வரைக்கும் டீக்கடைகளுக்கு பன்னும் ரஸ்க்கும் இறக்குகிறேன். வேன் ஓட்டுவது என் மனைவியின் தம்பி. இந்த வேலையாவது நிலைக்கட்டும் என்றுதான் மாத்திரைக்கே ஒப்புக்கொண்டேன்.

மாத்திரை எப்போது பிடிக்கிறது, எப்போது விடுகிறது என்று தினமும் எழுதிவரச் சொன்னார் சிதம்பரத்து டாக்டரம்மா. இரண்டு நோட்டைத் தொலைத்தேன். மணி பார்க்கவும் மறந்துவிடும். மச்சான்தான் வழி சொன்னான்.

"மாமா, நீ எந்த ஊர்ல வாய மூடுறன்னு எனக்குத் தெரியும். நான் சொல்றேன், நீ பில்லு புக்கு பின்னாடி எழுதிக்க."

காலை ஏழு மணிக்குப் போட்டால் ஆலப்பாக்கத்தில் என் பேச்சு நிற்கும். எந்தக் கடைக்கு எந்த ட்ரே என்று தடுமாறாமல் கை போகும். மதியம் பசிக்காது, சாப்பிட மாட்டேன். திரும்பும்போது செம்மங்குப்பத்தில் எரிச்சல் வரும்.

ஒருநாள் அங்கே, பாட்டுச் சத்தம் ஜாஸ்தி என்று மச்சானைக் கண்டபடி திட்டிவிட்டு இறங்கி நடந்தேன். பழைய நடைதான். கெமிக்கல் கம்பெனி மதில் ஓரமாகக் கொஞ்ச தூரம் போயிருப்பேன். வேன் பக்கத்தில் ஊர்ந்து வந்தது.

"திட்டுனதையும் எழுதிடு மாமா. எடம் செம்மங்குப்பம். நேத்தும் இங்கதான்."

சிரிப்பு வந்துவிட்டது. ஏறிக்கொண்டேன்.

டாக்டரம்மா தாள்களைப் புரட்டிப் பார்த்து, "எல்லாம் ஊர் பேரா இருக்கு, மணி எங்க?" என்றார். கூட வந்திருந்த மச்சான் ஒவ்வொரு ஊருக்கும் மணி சொல்ல, ஓரத்தில் குறித்துக்கொண்டார். மாத்திரை விடுகிற நேரமும் வெறும் வயிறும் ஒன்றாகச் சேர்வதால்தான் அந்த எரிச்சல் என்றார். அளவை மாற்றவில்லை. பசிக்காவிட்டாலும் மதியம் சாப்பிடச் சொல்லி, ஒரு மாதம் கழித்து வரச் சொன்னார்.

இப்போது திரும்பும் வழியில், செம்மங்குப்பத்துக்கு முன்பே புதுச்சத்திரத்தில் வேனை ஓரம்கட்டி, சோற்று டப்பாவைத் திறந்து என் மடியில் வைப்பான் மச்சான். நான் முடிக்கும்வரை வண்டி நகராது. எரிச்சல் அடியோடு போகவில்லை. இறங்கி நடக்கிற அளவுக்கு வருவதில்லை, அவ்வளவுதான். எனக்கு அது பெரிய விஷயம்.

இந்த தீபாவளிக்கு முதலாளி எல்லாருக்கும் சட்டை எடுத்தார். சேர்ந்த இடத்தில் தீபாவளி வரைக்கும் நான் தங்கியதே இல்லை. அளவு கேட்டபோது எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மச்சான்தான் சொன்னான்.