பன்னிரண்டாவது முகம்

எனக்கு வாய் நீளம். அதைத் தாங்க முடியாமல்தான் போன வருஷம் மனைவி, மகளைக் கூட்டிக்கொண்டு மதுராந்தகத்தில் இருக்கும் தன் அப்பா வீட்டுக்குப் போனாள். புதுப்பட்டினத்து வாடகை வீட்டில் நான் ஒண்டிக்கட்டை. ஞாயிறு காலையில் மட்டும் மகள் செல்போனில் முகம் காட்டுவாள்.

ஒருமுறை, "அப்பா, ஸ்கூலுக்குப் பன்னிருமுகி செய்யணும். நீ ஒட்டி வை. அடுத்த ஞாயிறு நான் வந்து கடைசி அட்டையை ஒட்டுவேன்" என்றாள். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. தினமும் ஆபீஸ் விட்டு வந்ததும் ஐங்கோண அட்டைகளை வெட்டிப் பந்துபோல் ஒட்டினேன். வாசலுக்கு வந்த மீன்கார அம்மா எட்டிப் பார்த்தாள்.

"இன்னா சார் அது?"

"பன்னிருமுகி. பன்னிரண்டு முகம்."

"ஆறுமுகம் தெரியும். பன்னண்டு மொகம் இன்னா சாமி?"

அந்த வீட்டில் நான் வாய்விட்டுச் சிரித்து எத்தனை நாளாயிற்று! மகள் வரப்போவதைச் சொன்னேன். "கொயந்தைக்கு வஞ்சிரம் எத்துகினு வரேன்" என்று கூடையைத் தூக்கினாள்.

பெயர்க் காரணத்தைச் செல்போனில் தேடினேன். நாம் முகம் என்கிறோம். ஆங்கிலப் பெயர் கிரேக்கத்திலிருந்து வந்ததாம், அதில் முகத்தைக் குறிக்கும் சொல்லுக்கு அங்கே இருக்கை என்று பொருளாம். மேஜையில் வைத்துப் பார்த்தேன். எந்த முகத்தில் வைத்தாலும் ஜம்மென்று உட்கார்ந்தது. உட்கார்ந்த முகம் மட்டும் கண்ணுக்குத் தெரியாது. மகள் வந்ததும் முதலில் இதைத்தான் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தேன்.

ஞாயிறு காலை பதினோரு முகங்களோடு காத்திருந்தேன். செல்போன்தான் அடித்தது.

"இன்னைக்கு டியூஷன் வச்சிட்டாங்கப்பா. அடுத்த வாரம் வரட்டா?"

எனக்குச் சுருக்கென்றது. அழுகையும் கோபமும் சேர்ந்து முட்டின.

"எங்கே, அதைக் காட்டுப்பா."

திறந்த பக்கத்தைக் கீழே வைத்து, போனைத் திருப்பினேன். பார்த்தால் முழுசாகத்தான் இருந்தது.

"முடிச்சிட்டியா?"

"ம். முடிச்சாச்சு. உனக்குத்தான் நேரமில்லையே."



"எனக்குன்னு ஒண்ணு நீ வைப்பேன்னு நெனச்சேன்" என்றாள். "அப்போ அடுத்த வாரம் நான் வர வேணாம் இல்லப்பா?"

அந்தப் பன்னிரண்டாவது அட்டை என் சட்டைப்பையில்தான் இருந்தது. எடுத்துக் காட்டியிருக்கலாம். நீளமான இந்த வாய் அப்போது பார்த்துத் திறக்கவே இல்லை.